சந்திரசேகரரின் இடது தோள்

ஐப்பசி மாதத்து இரண்டாவது பிரதோஷத்துக்கு மறுநாள் காலையில், எங்கள் ஊர் உடனிருந்தநாதர் கோயிலில் உற்சவர் சந்திரசேகரருக்குப் பால் ஊற்றிக்கொண்டிருந்த சபேச குருக்கள், முப்பத்தொரு வருஷமாக ஒரே மாதிரி வழிந்துகொண்டிருந்த பால் அன்றைக்கு மட்டும் சாமியின் இடது தோளில் சற்றே தயங்கி, இரண்டாகப் பிரிந்து, முன்பக்கம் ஒன்றும் பின்பக்கம் ஒன்றுமாக இறங்குவதைப் பார்த்தார். நேற்றைய சந்தனம் காய்ந்து ஒட்டியிருக்கிறது என்று நினைத்து நகத்தால் சுரண்டினார், வரவில்லை. புளி போட்டுத் தேய்த்தார், பளபளப்பு கூடியதே தவிரப் போகவில்லை. எலுமிச்சம்பழத்தைப் பாதியாக அறுத்துக் கவிழ்த்த அளவில், சாமியின் தோளில், அதே ஐம்பொன்னில் ஒரு கட்டி முளைத்திருந்தது.

குருக்கள் கூச்சல் போடவில்லை. அவர் எதற்கும் கூச்சல் போடுகிற ஆளில்லை, கோயில் மதில் இடிந்து விழுந்தபோதுகூட மந்திரத்தை முடித்துவிட்டுத்தான் வெளியே வந்து பார்த்தார். மீதிப் பாலையும் ஊற்றி, துடைத்து, வேட்டி கட்டி, கற்பூரம் காட்டிவிட்டு, மடப்பள்ளி வாசலில் விறகு அடுக்கிக்கொண்டிருந்த பக்கிரிசாமியைக் கூப்பிட்டார்.

"பக்கிரி, சட்டையைக் கழட்டு."

"எதுக்குங்க சாமி?"

"கழட்டுடா, சொல்றேன்."

பக்கிரிசாமி கழற்றினார். அவருடைய இடது தோள், முப்பது வருஷத்தில் முதல் தடவையாக, பிறந்த குழந்தையின் தோள் மாதிரி வழவழவென்று இருந்தது. அவரே கையால் தடவிப் பார்த்துவிட்டு, அந்த இடத்திலேயே விறகின் மேல் உட்கார்ந்துவிட்டார்.

பக்கிரிசாமி சாமி தூக்குகிறவர், எங்கள் பக்கத்தில் தாங்கி என்பார்கள். எங்கள் கோயிலில் பல்லக்கு தூக்கப் பதினாறு பேர் உண்டு, மூங்கில் வாரையில் யாருக்கு எந்த இடம் என்பது உயரத்தை வைத்து ஒருமுறை தீர்மானமானால் சாகும்வரை அதுதான் இடம். வருஷக்கணக்கில் வாரை அழுத்தி அழுத்தி ஒவ்வொருவர் தோளிலும் ஒரு காய்ப்பு விழுந்துவிடும், பெண் கொடுக்க வருகிறவர்கள் அந்தத் தோளைத் தொட்டுப் பார்த்து, கெட்டியாக இருந்தால் மாப்பிள்ளை ஒழுங்காக வேலைக்குப் போகிறவர் என்று திருப்திப்பட்டுக்கொண்டு போவார்கள். பக்கிரிசாமிக்கு முன்வரிசை, இடது வாரை, இடது தோள். வேலைக்கு வந்த முதல் வருஷம் தெற்கு வீதி முனையில் கால் இடறி, பதினைந்து பேரும் சாமியும் தன்மேல் சாயப்போன அந்த நொடியில், அவருடைய வாயிலிருந்து, "சேகரு, புடிச்சுக்கடா!" என்று வந்துவிட்டது. பல்லக்கு நின்றது. அதிலிருந்து சந்திரசேகரர் அவருக்குச் சேகரு ஆகிவிட்டார். தூக்கிக்கொண்டு நடக்கும்போதெல்லாம் நெல்லுக்குத் தண்ணீர் வராதது, மன்னார்குடியில் கட்டிக்கொடுத்த மகள் தீபாவளிக்கு வராதது, பொண்டாட்டி செண்பகம் வைத்த குழம்பில் உப்பு கூடியது என்று பேசிக்கொண்டே போவார். மேலேயிருந்து பதில் வந்ததாக அவரும் சொன்னதில்லை, நாங்களும் கேட்டதில்லை, ஆனால் பதிலுக்காகக் கொஞ்சம் நிறுத்தி, தலையாட்டிவிட்டு, அடுத்ததற்குப் போவார். முதலில் கண்டித்த குருக்கள்கூட நாளடைவில் விட்டுவிட்டார்.

அந்தப் பிரதோஷத்தன்றும் பேசினார். ஆடி மாதத்திலிருந்தே அவருடைய காய்ப்பு நிறம் மாறி, வீங்கி, ரத்தம் கசிய ஆரம்பித்திருந்தது. டவுன் ஆஸ்பத்திரியில் எல்லாச் சோதனையும் எடுத்துப் பார்த்த டாக்டர், இது கெட்ட கட்டி, வெட்டி எடுக்க முடியாத இடத்தில் வேர் விட்டுவிட்டது, அடுத்தது கழுத்துக்கு வரும், பிறகு தாடைக்கு, பிறகு தொண்டைக்கு, ஆறு மாதம், சித்திரையைத் தாண்டுவது கஷ்டம் என்று ஒளிக்காமல் சொல்லியிருந்தார். பக்கிரிசாமி அதைச் செண்பகத்திடம் சொல்லவில்லை, மகளிடம் சொல்லவில்லை. பிரதோஷத்தன்று மேற்கு வீதி திரும்பும்போது மேலே பார்க்காமல் சொன்னார்.

"சேகரு, ஒரு சமாச்சாரம். சித்திரக்கி மேல நான் இருக்க மாட்டனாம். எம் எடத்துக்கு வேற ஆளப் பாத்துக்க. ஒயரம் சரியா இருக்கணும், இல்லாட்டி நீ ஒரு பக்கமா சாஞ்சுதான் போவ."

பக்கத்து வாரையில் இருந்த மூத்த தாங்கி சிவக்கொழுந்து இதைக் கேட்டார். கேட்டது மட்டுமல்ல, அன்றைக்குப் பக்கிரிசாமி பதிலுக்காக நிறுத்தவே இல்லை என்பதையும் கவனித்தார். மறுநாள் காலை பால் இரண்டாகப் பிரிந்தது.

டாக்டர் நம்பவில்லை என்று சொல்ல முடியாது, அவருக்கு நம்புவதற்கு வழியில்லை. பழைய படங்களையும் புதிய படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, ஆதார் அட்டையைக் கேட்டு வாங்கி, போட்டோவையும் முகத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்து, பழைய சீட்டு வேறு யாருடையதோ, மாறிவிட்டிருக்கிறது என்று எழுதிக் கொடுத்துவிட்டார். சீட்டில் அப்படி எழுதியிருந்ததால்தான் செண்பகத்துக்கு எல்லாம் தெரியவந்தது. அன்று அவள் பக்கிரிசாமியைத் திட்டிய திட்டு கிழக்கு வீதி வரைக்கும் கேட்டது, சாமியிடம் சொல்லத் தெரிந்தவருக்குப் பொண்டாட்டியிடம் சொல்லத் தெரியவில்லையா என்பதுதான் அதன் சாரம்.

பின்னமான மூர்த்திக்குப் பூஜை கூடாது என்பதால் குருக்கள் மாயவரத்தில் இருக்கும் மைத்துனருக்குப் போன் போட்டார். மைத்துனர் அரை மணி நேரம் ஓலையையும் அச்சுப் புத்தகத்தையும் புரட்டிவிட்டு, "கை ஒடிஞ்சா பின்னம், விரல் தேஞ்சா பின்னம். கூடினா என்னன்னு எங்கேயும் எழுதலை. எழுதாததை நாம ஏன் போய்க் கேட்பானேன், நீர் பாட்டுக்குப் பூஜையைப் பண்ணும்" என்றார். டெய்லர் கபீர் பாய்தான் தலைமுறையாகச் சாமிக்கு வெல்வெட் அங்கி தைக்கிறவர். அவர் நூல் வைத்து அளந்து, இடது பக்கம் ஒன்றரை விரல் கூடுதலாக விட்டு வெட்டினார். "இதுல என்னா இருக்கு, எந்த ஆம்பளைக்கும் ரெண்டு தோளும் ஒண்ணா இருந்து நான் பாத்ததில்ல" என்று சொல்லிவிட்டு அடுத்த துணியை எடுத்தார். கிழக்கு வீதிப் பெண்கள் உச்சிக்காலம் முடிந்ததும் தவிட்டை வறுத்துத் துணியில் முடிந்து கொண்டுவந்தார்கள். ஒத்தடம் கொடுப்பதற்கு ஆகமத்தில் இடமுண்டா என்று குருக்கள் ஒரு நாள் யோசித்தார், இரண்டாவது நாள் சூடு அதிகமாக இருக்கப்போகிறது என்று தன் கையில் வைத்துப் பார்த்துவிட்டு அவரே ஒத்தினார்.

பிரசாதச் சோற்றைப் பட்டைபட்டையாகத் தட்டிப் பதினாறு பேருக்கும் பங்கு வைக்கிற சிவக்கொழுந்து, அன்றிலிருந்து பதினேழு பட்டை வைத்தார். "தோள்ல காய்ப்பு இருந்தா அவன் நம்ம ஆளு, நான் வேலைக்கு வந்தப்பவும் அதான் சட்டம், இப்பவும் அதான் சட்டம்" என்றார். பதினேழாவது பட்டையை முறைவைத்து ஆளுக்கொரு நாள் சாமி பேரைச் சொல்லிச் சாப்பிட்டார்கள்.

விஷயம் வெளியூருக்குப் பரவியதும் பஸ்ஸில் ஜனங்கள் வந்தார்கள். கழுத்தில் கழலை உள்ளவர்கள், முதுகில் கட்டி உள்ளவர்கள், கட்டியே இல்லாமல் வேறு துக்கம் உள்ளவர்கள் எல்லோரும் வந்து நின்றார்கள். சாமி யாருடையதையும் வாங்கிக்கொள்ளவில்லை. ஏன் என்று எங்களுக்குத் தெரியாது, தெரிந்த மாதிரி பேசினவர்களை நாங்கள் மதிக்கவுமில்லை. சிலர் கோபப்பட்டு, தூக்குகிறவனுக்கு ஒரு நியாயம் எங்களுக்கு ஒரு நியாயமா என்று கேட்டார்கள். சிலர் பக்கிரிசாமியிடம் சிபாரிசுக்கு வந்தார்கள். அவர் ஒவ்வொருவர் பெயரையும் ஊரையும் கேட்டுக்கொண்டு போய்ச் சாமியிடம் சொல்லத்தான் செய்தார். "சொல்லிட்டேன். கேக்க எனக்கு வாய் வல்லைங்க. என்னோடதையே நான் கேக்கலியே, சும்மா சொல்லத்தானே சொன்னேன்" என்று கைகூப்புவார். வந்தவர்கள் அழுதால் அவரும் சேர்ந்து அழுவார்.

இப்படியே போயிருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது. தப்பு நாங்கள் செய்ததுதான், வேறு எந்த ஊரிலும் இப்படி ஒரு தப்பைச் செய்திருக்க மாட்டார்கள். தோள் வீங்கின தாங்கிக்கு மூன்று பிரதோஷம் ஓய்வு கொடுப்பது எங்கள் கோயில் வழக்கம், யாரும் அவனை வேலைக்குக் கூப்பிடக் கூடாது. சாமியும் நம்ம ஆள்தான் என்று சோறு வைத்தாகிவிட்டது, அப்புறம் ஓய்வு மட்டும் இல்லை என்றால் எப்படி என்று பதினாறு பேரும் கூடிப் பேசி, மூன்றில் முதல் இரண்டான கார்த்திகை மாதத்துப் பிரதோஷங்களுக்கு சந்திரசேகரரை வெளியே எடுக்காமல், உள்ளே திரை போட்டுப் படுக்கவைக்காத குறையாக வைத்துவிட்டு, அம்மனை மட்டும் எடுத்துக்கொண்டு சுற்றிவந்தார்கள். பிரதோஷத்துக்கென்றே சென்னையிலிருந்து காரில் வருகிற ஒருவர் இரண்டு தடவையும் ஏமாந்து போய், கோயிலில் உற்சவர் சிலையைக் காணோம் என்று மேலே எழுதிப்போட்டுவிட்டார்.

சிலைப் பதிவேட்டையும் தராசையும் எடுத்துக்கொண்டு ரேணுகாதேவி என்கிற அதிகாரி அம்மா வந்தார். நல்ல மாதிரி. செருப்பை வெளியிலேயே விட்டு, கும்பிட்டு, திருநீறு பூசிக்கொண்ட பிறகுதான் வேலையை ஆரம்பித்தார். உயரம் சரியாக இருந்தது. தோள் அகலம் சரியாக இல்லை. எடை நானூற்று இருபது கிராம் கூடுதலாக இருந்தது. பழைய போட்டோவில் இரண்டு தோளும் ஒரே மாதிரி இருந்தன.

குருக்கள் நடந்ததைச் சொன்னார். சிவக்கொழுந்து சொன்னார். கபீர் பாய் பழைய அங்கியையும் புதிய அங்கியையும் கொண்டுவந்து காட்டினார். பக்கிரிசாமி சட்டையைக் கழற்றிக் காட்டினார். அந்த அம்மா எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டு, கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"நீங்க சொல்றத நான் நம்பறேன். எனக்கு அதுல ஒரு கஷ்டமும் இல்ல. ஆனா இதுல பாருங்க, ரெண்டே கட்டம்தான் போட்டிருக்கு. பொருந்துகிறது, பொருந்தவில்லை. நீங்க சொன்னத எழுத இதுல எடம் இல்ல. பொருந்தலன்னா மாவட்டத்துல இருக்கற பாதுகாப்பு அறைக்குக் கொண்டு போயாகணும். பரிசோதனை முடியறவரைக்கும்."

"எம்மாம் நாளு ஆவும்மா?" என்று சிவக்கொழுந்து கேட்டார்.

"பொருந்தற வரைக்கும்" என்றார் அந்த அம்மா. பிறகு தன் குரலே தனக்குப் பிடிக்காதவர் மாதிரி, பத்து நாள் கழித்து வண்டி அனுப்புவதாகவும், அதற்குள் ஏதாவது வழி பிறந்தால் தன்னைவிடச் சந்தோஷப்படுகிறவர்கள் யாரும் இருக்க மாட்டார்கள் என்றும் சொல்லிவிட்டுப் போனார்.

வழி ஒன்றுதான் இருந்தது, அது ஊரில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது, யாரும் வாயைத் திறந்து சொல்லவில்லை. கட்டியைச் சந்திரசேகரர் பக்கிரிசாமிக்குத் திருப்பிக் கொடுத்துவிட்டால் பதிவேடு பொருந்திவிடும், பக்கிரிசாமி சித்திரையில் போய்விடுவார். ஆளே வேண்டும் என்று ஒரு கண்ணும் சாமியே வேண்டும் என்று ஒரு கண்ணுமாக நாங்கள் அவரைப் பார்த்தோம். அந்தப் பத்து நாளும் அவர் முகத்தை நேராகப் பார்க்க எங்களுக்கு வெட்கமாக இருந்தது.

பக்கிரிசாமிக்கு அதில் யோசனையே இல்லை. தினமும் நடை சாத்துகிறதற்கு முன்னால் போய்ச் சாமிக்கு முன்னால் சட்டையில்லாமல் நின்றார்.

"சேகரு, குடுத்துடு. வெளையாடாத. நான் போனா பதினாறுல ஒண்ணு போவும், செவக்கொழுந்து தம்பி பேரன் ஒயரமா வளந்துட்டான், அவன் நிப்பான். நீ போனா இந்த ஊருல என்னா இருக்கு? பங்குனித் திருவிழாவுக்கு யாரத் தூக்கிட்டுப் போறது? எம் பொருள எங்கிட்ட கேக்காம எடுத்தீல்ல, அதே மாதிரி கேக்காம வச்சுடு. நான் தூங்கறப்பவே வச்சுடு."

முதல் நாள் நயமாகச் சொன்னார். நாலாம் நாள் திட்டினார். பிச்சையெடுத்துத் தின்றவனுக்கு வீராப்பு எதற்கு, பெற்றவர் யாரென்று தெரியாதவனுக்கு அடுத்தவன் குடும்பத்தில் என்ன வேலை என்று, கேட்டுக்கொண்டிருந்த குருக்கள் காதைப் பொத்திக்கொள்கிற அளவுக்குத் திட்டினார். ஒவ்வொரு நாள் விடியும்போதும் கண்ணைத் திறக்காமல் தோளைத் தடவிப் பார்ப்பார், வழவழவென்று இருக்கும், பல்லைக் கடித்துக்கொண்டு எழுந்திருப்பார்.

அதே பத்து நாளும் செண்பகம் கோயிலுக்குப் போனாள். அவள் சந்திரசேகரரிடம் போகவில்லை. எதிர்ச் சன்னதியில் சாந்தநாயகி அம்மனிடம் போனாள், யாரும் இல்லாத வேளை பார்த்துப் போனாள், பூ பறித்துக்கொண்டு போனவர்கள் சுவருக்கு இந்தப் பக்கம் நின்று கேட்டதால்தான் எங்களுக்குத் தெரியும்.

"தாயி, ஒரு பொம்பள இன்னொரு பொம்பளகிட்ட கேக்கக் கூடாதத கேக்கறேன். ஒன் வீட்டுக்காரரு அதத் திருப்பிக் குடுக்க வேணாம். அவரு அந்த ரூமுக்குப் போனா நீ இங்க தனியா இருப்ப, எனக்குத் தெரியும். எம் புருஷன் போனா நானும் தனியாத்தான் இருப்பேன். ஒன்னுதுக்கு சாவு இல்ல, தாயி. என்னுதுக்கு இருக்கு. அவரு என்னைக்கி இருந்தாலும் ஒங்கிட்ட வந்துருவாரு. இவரு வர மாட்டாரு. என்ன மன்னிச்சுக்க. ஒன்னிய பாக்கவே எனக்கு வெக்கமா இருக்கு."

ஒன்பதாம் நாள் மத்தியானம் சோறு போடும்போது பக்கிரிசாமி கேட்டார்.

"அம்மங்கிட்ட நீ என்னா கேட்ட?"

"நீங்க கேட்டதத்தான் கேக்கல."

அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். அவருக்குக் கோபம் வரும் என்று அவளுக்குப் பயம், வரவில்லை. இத்தனை வருஷத்தில் தனக்காக யாராவது சாமியோடு மல்லுக்கு நிற்பார்கள் என்று அவர் நினைத்ததே இல்லை. சாப்பிட்டு முடிக்கும்வரை அவருக்குக் கண்ணில் நீர் வழிந்துகொண்டே இருந்தது, மோர் ஊற்றட்டுமா என்று மட்டும் அவள் கேட்டாள்.

பத்தாம் நாள் வண்டி வந்தது. தூக்குகிற தோள் இல்லாமல் சந்திரசேகரர் வாசல் தாண்டினது கிடையாது என்று சிவக்கொழுந்து சொன்னதும், ரேணுகாதேவி வண்டியை மெயின் ரோட்டுப் பாலத்துக்குப் போகச் சொல்லிவிட்டுத் தானும் கூடவே நடந்தார். பக்கிரிசாமி தன் இடத்தில் நின்று வாரையைத் தோளில் ஏற்றினார். முப்பது வருஷத்துக் காய்ப்பு போய்விட்ட தோள், முதல் நாள் வேலைக்கு வந்தவனுடைய தோள் மாதிரி, தெற்கு வீதி தாண்டுவதற்குள் தோல் உரிந்துவிட்டது. பாலத்தில் இறக்கியபோது வாரையில் சுற்றியிருந்த துணி நனைந்திருந்தது. வழியெல்லாம் அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. வண்டிக் கதவைச் சாத்தும்போதுதான், "கொசு இருக்கும், போத்திக்க" என்றார். அம்மன் சன்னதியில் அன்று முழுக்கச் செண்பகம்தான் விளக்குக்கு எண்ணெய் ஊற்றினாள்.

மாதம் ஒருமுறை பார்க்கலாம் என்று ரேணுகாதேவி அனுமதி வாங்கிக் கொடுத்திருந்தார். மாவட்ட அலுவலகத்துக்குப் பின்னால் இரும்புக் கதவு போட்ட நீளமான அறை, சுவரோரம் இரும்புத் தட்டுகள், அவற்றில் எந்தெந்த ஊரிலிருந்தோ வந்த சாமிகள் கழுத்தில் நம்பர் அட்டையோடு நின்றிருந்தார்கள். சந்திரசேகரருக்கு நாற்பத்தொன்று. தை மாதக் கடைசியில் பக்கிரிசாமி போனபோது, எலுமிச்சை அளவாக இருந்த கட்டி தோளை மூடி வளர்ந்து கழுத்தைத் தொட்டிருந்தது. அவர் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். தன் கழுத்தைத் தடவினார். டாக்டர் சொன்னது ஒவ்வொன்றாக அவருக்கு ஞாபகம் வந்தது.

மாசியில் தாடைக்கு வந்திருந்தது. எந்த நேரமும் லேசாகச் சிரித்துக்கொண்டிருக்கிற அந்த வாய் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டுவிட்டது, ஆனாலும் சிரிப்பு போகவில்லை, கோணலாக இருந்தது. பங்குனித் திருவிழாவை அம்மனை மட்டும் வைத்து நடத்தினோம், பல்லக்கில் பக்கத்து இடம் காலியாக இருந்ததைப் பார்க்கப் பொறுக்காமல் பாதிப்பேர் வீதிக்கு வரவில்லை. அந்த மாதம் பக்கிரிசாமி போனபோது தொண்டை வீங்கி, கழுத்தே தெரியாமல், தோளும் தலையும் ஒன்றாகிவிட்டிருந்தன. விஷத்தையே தொண்டையில் வைத்துக்கொண்டிருக்கிறவருக்கு இது ஒரு கணக்கா என்று யாரோ ஆறுதல் சொன்னார்கள். பக்கிரிசாமி அவரை அடிக்கப் போய்விட்டார். தனக்கு எந்த மாதம் என்ன ஆகியிருக்கும் என்பதைத் தன் கண்ணாலேயே பார்த்துவிட்டு, பஸ் ஏறி, உடம்பில் ஒரு குறையும் இல்லாமல் வீட்டுக்கு வந்து, செண்பகம் வைத்த மீன்குழம்பைச் சாப்பிடுவது எப்படிப்பட்ட தண்டனை என்று அவருக்குத்தான் தெரியும்.

சித்திரை வந்தது. மாதம் நகர நகர ஊரில் சத்தம் குறைந்தது. கடைசி நாள் அன்று, யாரும் சொல்லாமலே, பதினைந்து தாங்கிகளும் காலையிலேயே வந்து பக்கிரிசாமி வீட்டில் உட்கார்ந்துகொண்டார்கள். குருக்கள் உச்சிக்காலத்தை முடித்துவிட்டு வந்தார், கபீர் பாய் கடையைச் சாத்திவிட்டு வந்தார், மன்னார்குடி மகள் வந்தாள். பக்கிரிசாமி ஒரு நோயும் இல்லாமல் கல்லு மாதிரி நடுவில் உட்கார்ந்திருக்க, சாகக்கிடக்கிறவன் வீட்டில் உட்கார்வது மாதிரி சுற்றிலும் உட்கார்ந்திருந்தோம். யாருக்காக உட்கார்ந்திருக்கிறோம் என்று கேட்டிருந்தால் எங்களுக்குப் பதில் சொல்லத் தெரிந்திருக்காது. அங்கே அந்த இரும்பு அறையில் பக்கிரிசாமியின் சாவை இன்னொருத்தர் தனியாக நடத்திக்கொண்டிருந்தார் என்பது மட்டும் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. சாயங்காலம் அம்மனுக்கு விளக்கேற்றும் மணி அடித்தது. செண்பகம் எழுந்துபோய், ஒரு தட்டு நிறைய டீ போட்டு எடுத்துவந்தாள்.

மறுநாள் முதல் பஸ்ஸில் இரண்டு பேரும் போனார்கள். ரேணுகாதேவி சாவியோடு வந்து கதவைத் திறந்தார், அன்றைக்குக் கம்பிக்கு வெளியில் நிற்கச் சொல்லவில்லை. பக்கிரிசாமிக்கு உள்ளே கால் வரவில்லை. செண்பகம்தான் அவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள்.

நாற்பத்தொன்றாம் நம்பரில் சந்திரசேகரர் நின்றிருந்தார். தொண்டை தொண்டையாக இருந்தது, தாடை தாடையாக இருந்தது, இரண்டு தோளும் ஒரே மாதிரி இருந்தன. அவ்வளவு பெரிய வியாதி ஆறு மாதமும் அந்த உடம்பு முழுக்க ஏறி இறங்கி ஒரு சாவைத் தேடியிருக்கிறது, அவரிடம் அது இல்லவே இல்லை, தவணை முடிந்ததும் வேறு வழியில்லாமல் அதுவே செத்துப்போய்விட்டது.

ரேணுகாதேவி அளவு நாடாவை எடுத்துத் தோளை அளந்தார். நம்பிக்கையில்லாமல் மறுபடி அளந்தார். பிறகு பதிவேட்டைத் திறந்து, பொருந்துகிறது என்ற கட்டத்தில் குறி போட்டார், குறி கட்டத்தை விட்டு வெளியே போயிற்று, இரண்டு பேரையும் அங்கேயே விட்டுவிட்டு அவரும் வெளியே போனார். சாமியைக் கொண்டுபோகப் பத்தே நாள் ஆன காகிதத்துக்குத் திருப்பியனுப்ப ஆவணி வரைக்கும் ஆனதையும், பாலத்திலிருந்து கோயில் வரை ஊரே தோள் கொடுத்ததையும், அன்று பல்லக்கு எந்தத் தெருவில் எவ்வளவு நேரம் நின்றது என்பதையும் எங்கள் ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

ஆனால் அந்தக் காலை அந்த அறையில் நடந்ததைச் செண்பகம் ஒருத்திதான் சொல்ல முடியும், அவளும் எப்போதாவதுதான் சொல்வாள். பக்கிரிசாமி கிட்டே போனார். அந்தத் தோளில் கையை வைத்தார். கழுத்து, தாடை, தொண்டை என்று கட்டி போன வழியெல்லாம் விரலால் மெள்ளத் தடவிக்கொண்டே போனார். வார்த்த நாளிலிருந்து எத்தனையோ ஜனங்கள் எத்தனையோ கேட்பதைப் பார்த்துக்கொண்டு நின்றவரிடம், அவர்களில் யாரும் கேட்டிராத ஒன்றைக் கேட்டார்.

"ரொம்ப வலிச்சுதாடா, சேகரு?"

கேட்டுவிட்டு, பேச்சை அங்கே நிறுத்தினார். மூலையில் கிடந்த ஸ்டூலைச் செண்பகம் இழுத்துவந்து அவருக்குப் பின்னால் போட்டாள். அவர் அதில் உட்கார்ந்து, தலையைக் கொஞ்சம் சாய்த்து, கேட்க ஆரம்பித்தார்.